மெழுகுசீலை

பெங்களூரிலிருந்து சென்னைக்கு வரும் இரயில் வண்டி, பங்காரப்பேட்டையைக் கடந்த பின்னர், காமசமுத்திரம், பிசாநத்தம், குடுபள்ளி ஆகிய சிறு நிலையங்களைத் தாண்டிக் குப்பத்தை அடைகின்றது. ஆந்திரப் பிரதேசத்தின் தென்மேற்கு மூலையில், சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் இது. கிழக்கேயும் தெற்கேயும் தமிழ்நாடு, மேற்கே கருநாடகம். நடைமேடையில் நின்று சற்றே செவிகொடுப்போமாயின் தெலுங்கு, தமிழ், கன்னடம் ஆகிய மூன்றும் ஒரே உரையாடலில் கலந்து ஒலிப்பதைக் கேட்கலாம். விலை பேசும் மொழி ஒன்று. உறவு பேசும் மொழி மற்றொன்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஓர் ஐப்பசி அடைமழையில், நாம் அவ்வழியே பயணம் செய்தோம். கையில் அலுவலகப் பணி இருந்தது. ஒப்பந்தப்புள்ளி கோரும் அறிவிப்பொன்றைத் தமிழாக்க வேண்டும். மெழுகேற்றி நீர் புகாதவாறு செய்த கித்தான் துணி இத்தனை மீட்டர் தேவை என்பது அதன் கருத்து. 'நீர்புகாத் தன்மையூட்டப்பட்ட மெழுகு பூசிய தடித்த பருத்தித் துணி' என்று நாம் எழுதியிருந்தோம். பிழை ஒன்றுமில்லை, ஆயினும் படிப்பவருக்கு மூச்சு வாங்கும். அதனைத் திருத்தும் பொருட்டு வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தோம். குப்பத்தில் ஏறி எதிரே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் புன்முறுவல் செய்தார்.

"ஏன் தம்பி, இதற்கு இத்தனை நீளமா? மெழுகுசீலை என்று ஒரு பேர் இருக்கிறதே. அப்படி எழுதினால் சர்க்காரில் ஒத்துக்கொள்ள மாட்டார்களா?" என்றார்.

சொன்னதோடு நில்லாமல், தம் பைக்குள் கைவிட்டு, கருமையேறிய மடிப்பொன்றை எடுத்துக் காட்டினார். பழைய துணி, தொட்டால் வழவழப்பு, முகர்ந்தால் மெல்லிய தேன்மணம். மடிப்பைப் பிரித்தால் உள்ளே ஒரு நிலப்பத்திரம். வெளியே மழை சன்னலை அறைந்துகொண்டிருந்தது. அந்தத் தாளோ அடுப்பங்கரைப் பரணிலிருந்து அப்போதுதான் இறக்கியதுபோல உலர்ந்திருந்தது. அந்தப் பத்திரத்தைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம். அதனைக் காத்த சீலையின் வரலாற்றை முதற்கண் ஆராய்வோம்.

துணி ஏன் நனைகின்றது? பருத்தி இழை நீரை விரும்புவது. இழைக்கும் இழைக்கும் இடையேயுள்ள நுண்ணிய வழிகளில் நீர் தானே ஏறிப் பரவும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இவ்வாறே. துணி நனையாதிருக்க வேண்டுமானால், இழையின் மேற்பரப்பு நீரை வெறுக்கும்படி செய்தல் வேண்டும். இதற்கு இயற்கையே நம் கண்முன் வைத்திருக்கும் பாடம் தாமரையிலை. 'தாமரையிலைத் தண்ணீர்போல' என்று நாம் பற்றற்ற வாழ்வுக்கு உவமை கூறுகின்றோம். அவ்விலையில் நீர் ஒட்டாமைக்குக் காரணம், அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய மேடுகளும் அவற்றின்மேல் படிந்த மெழுகுத் துகள்களுமே. செருமானியத் தாவரவியலறிஞர் வில்லெம் பார்த்லாட், மின்னணு நுண்ணோக்கியின் துணைகொண்டு 1970களில் இதனை ஆராயத் தொடங்கினார். 1997ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டார். உவமையாக நாம் அறிந்திருந்ததன் காரணம் இவ்வாறு விளங்கலாயிற்று.

பருத்திக்கும் பிறவியிலேயே சிறிது மெழுகு உண்டு. பஞ்சின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவான அளவே அது. ஆயினும் தறியிலிருந்து இறக்கிய வெளுக்காத காடாத் துணியைத் தண்ணீரில் இட்டுப் பாருங்கள். அது உடனே நனையாது, சற்று நேரம் மிதக்கும். உவர்மண்ணிலோ காரத்திலோ வேகவைத்து வெளுத்த பின்னர்த்தான் துணி நீரை ஆவலோடு உறிஞ்சும். வண்ணார் காரம் கலந்து வெள்ளாவி வைப்பதில், அழுக்கோடு இந்த மெழுகும் நீங்குகின்றது. மெழுகுசீலை செய்பவன் ஆற்றும் தொழிலோ இதற்கு மறுதலை. வெளுப்பில் போன மெழுகைப் பன்மடங்காக்கித் திரும்ப ஊட்டுகின்றான்.

குப்பத்தைச் சூழ்ந்த மேட்டு நிலத்தில் இத்தொழிலுக்கு முன்னோடி ஒன்று நெடுங்காலமாக உண்டு. அது ஆட்டிடையரின் கம்பளி. கடல்மட்டத்திற்கு மேல் 600 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில் உள்ள நிலம் இது. தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை பெறும், இரவில் குளிரும். இந்நிலத்திலும், அண்டையிலுள்ள கோலார், வட ஆர்க்காட்டுப் பகுதிகளிலும் குறும்பர் எனப்படும் ஆட்டிடையர் ஆட்டுமயிரை நூற்றுக் கருங்கம்பளி நெய்து வந்தனர். பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கூழ் ஊட்டுவது அவர்தம் வழக்கம். கூழூட்டிய கம்பளி விறைப்பாக நிற்கும். மேலே விழும் மழைத்துளி உருண்டு வழியும். இஃதன்றியும், ஆட்டுமயிரில் இயல்பாகவே உள்ள கொழுப்பு, வேதியியல் முறையில் நோக்கின் ஒருவகை மெழுகேயாகும். மருந்துக்கடையில் லானோலின் என்று விற்பது அதுவே. எனவே கம்பளியை ஆட்டின் உடலிலேயே மெழுகேறிய சீலை எனலாம். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உட்கொண்டும் தொடுவாருக்கு நனைந்ததாகத் தோன்றாது.

அந்தக் கம்பளியைத் தெலுங்கர் கொங்கடி என்பர்; அதனைத் தலைமுதல் முதுகுவரை கூம்பாக மடித்துப் போர்த்துக்கொள்வர். சாக்கையோ கம்பளியையோ அவ்வாறே மடித்துத் தலையில் இட்டுக்கொள்வதைத் தமிழர் கொங்காணி என்பர். இரு சொற்களும் செவிக்கு உறவுடையனவாகவே ஒலிக்கின்றன. மாநிலங்களின் எல்லைக் கற்களை மழை அறியாதன்றோ!

இனி மெழுகுக்கு வருவோம். துணியில் தேன்மெழுகை ஊட்டி நீரைத் தடுக்கும் கலை, சோழமண்டலக் கடற்கரையின் சாயத்தொழிலில் உச்சநிலை அடைந்திருந்தது. ஆங்கு அது மழையைத் தடுப்பதற்கன்று. நீலச் சாயத்தைத் தடுப்பதற்கு. வண்ணந்தீட்டிய துணியை அவுரித் தொட்டியில் அமிழ்த்தும்போது, வெள்ளையாகவோ சிவப்பாகவோ நிற்கவேண்டிய இடங்களை உருக்கிய மெழுகால் மூடுவர். மெழுகு படிந்த இடத்தில் சாயநீர் புகாது. பின்னர்க் கொதிநீரில் இட்டு மெழுகைக் களைவர். கார்நாடகப் பகுதியில் ஊழியம் செய்த பிரஞ்சுப் பாதிரியார் கேர்து, 1742ஆம் ஆண்டில் தம் நாட்டுக்கு எழுதிய மடலில் இம்முறையைப் படிப்படியாக விளக்கியுள்ளார். வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவைச் சுட்டிக்காட்டிய தொடக்ககால அறிஞர்களுள் ஒருவரும் இவரே. சாயக்காரரின் கைத்திறனையும் மொழிகளின் உறவையும் ஒரே கண் கண்டது என்பது எம்போன்ற மொழிபெயர்ப்பாளருக்கு உவகை தரும் செய்தி.

அக்கலை இன்றும் அழிந்துவிடவில்லை. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, அவ்வாண்டு அமைந்த திருப்பதி மாவட்டத்தில் இப்போது சேர்ந்துள்ள காளத்தியில், எழுதுகோல் கொண்டு வரையும் கலம்காரி வாழ்கின்றது. நலிந்திருந்த அதனை 1950களில் மீட்டெடுத்தவருள் கமலாதேவி சட்டோபாத்யாய முதன்மையானவர். அங்கே துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துகின்றனர். பாலின் கொழுப்பு, எழுதும் மை பக்கவாட்டில் பரவாதபடி தடுக்கின்றது. நீரை நிறுத்தக் கொழுப்பை வைப்பது என்னும் அதே நுட்பம் இங்கும் காணப்படுகின்றது. தமிழ்நாட்டில் கும்பகோணத்தை அடுத்த கோடாலிக்கருப்பூரில் தஞ்சை மராத்திய அரசமரபினர்க்கென நெய்த சேலைகளிலும் மெழுகுத்தடை முறை கையாளப்பட்டது.

நீரைத் தடுக்கும் பொருள்களுள் மெழுகு ஒன்றுமட்டுமன்று. கடற்கரையில் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் படகின் இடுக்குகளை அடைத்தனர். பருத்தி வலையையும் கயிற்றையும் பனிச்சங்காய்ச் சாற்றிலும் புளியங்கொட்டைத் தோல் காய்ச்சிய நீரிலும் தோய்த்துக் கடல்நீரின் அழிவிலிருந்து காத்தனர். சுவாமிமலைச் சிற்பியர் தேன்மெழுகோடு குங்கிலியத்தைக் கலந்து உருவம் சமைத்தனர், இன்றும் சமைக்கின்றனர். மெழுகு எந்தச் சூட்டில் இளகும், குங்கிலியம் சேர்ந்தால் எவ்வளவு இறுகும் என்பன நம் கைவினைஞர் விரல்நுனியில் அறிந்தவை. தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகுவது. ஆகவே நம் கோடை வெயிலும் அதனை முற்றிலும் உருக்காது, இளக்கிப் பிசுபிசுப்பாக்கும். குங்கிலியம் சேர்ப்பதால் கலவை இறுகி, அப்பிசுபிசுப்புக் குறையும்.

கும்பினியார் காலத்தில் மெழுகுசீலை அன்றாடப் பண்டமாயிற்று. பல்லக்கின் மேல்மூடியாகவும், கூடாரத்தின் காப்பாகவும், தபால் ஓட்டக்காரர் சுமந்த கடிதக் கட்டுகளுக்கு உறையாகவும் அது பயன்பட்டது. பழைய அகராதிகளில் மெழுகுசீலை என்னும் சொல் இடம்பெற்றிருப்பதும் இக்காரணம் பற்றியே. பிற்காலத்தில் வந்த 'தார்ப்பாய்' என்னும் சொல் ஆங்கிலச் சொல்லின் திரிபு. ஆயினும் தார் பூசிய பாய் என்று தமிழிலும் பொருள்படும்படி அமைந்துவிட்டது அதன் நற்பேறு. 1864ஆம் ஆண்டில் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுப் பகுதிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன்பின் மேல்மூடியில்லாத சரக்கு வண்டிகளில் ஏற்றிய மூட்டைகளுக்குத் தார்ப்பாய் இன்றியமையாததாயிற்று. மெழுகுசீலை என்னும் பெயர் மெல்ல வழக்கொழியத் தொடங்கிற்று.

மேலை நாடுகளில் நடந்தது என்ன? வடகடல் மாலுமிகள் நனைந்த பாய் காற்றை நன்கு ஏந்துவதைக் கண்டனர். எனவே பாயில் மீனெண்ணெயும், பின்னர் ஆளிவிதை எண்ணெயும் தடவினர். கிழிந்த பாயைத் தைத்து மழையங்கி ஆக்கிக்கொண்டனர். ஆளிவிதை எண்ணெய் குளிரில் விறைக்கும், நாட்பட மஞ்சளாகும். 1823ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த சார்லஸ் மக்கின்டாஷ், இரப்பரை நாப்தாவில் கரைத்து இரு துணிகளுக்கு நடுவே பூசி உரிமம் பெற்றார். அவ்வங்கி வெயிலில் ஒட்டும், குளிரில் வெடிக்கும். கந்தகம் சேர்த்து இரப்பரைப் பதப்படுத்தும் முறைக்கு அமெரிக்கரான குட்இயர் 1844இல் உரிமம் பெற்ற பின்னரே அக்குறை நீங்கிற்று. ஆயினும் மெழுகுத் துணி மறையவில்லை. இங்கிலாந்தில் சவுத் சீல்டுசு துறைமுகத்தில் 1894ஆம் ஆண்டில் மாலுமிகளுக்கு எண்ணெயங்கி விற்கத் தொடங்கிய பார்பர் நிறுவனம், மெழுகேற்றிய பருத்தி மேலங்கியால் இன்றும் பெயர் பெற்று விளங்குகின்றது.

இம்மாறுதலுக்கு வழிசெய்தது மண்ணெண்ணெயோடு பிறந்த பாரஃபின் மெழுகு. 1830ஆம் ஆண்டில் செருமானியரான ரைகன்பாக் இதனைக் கண்டறிந்தார். 1850இல் சுகாத்துலாந்தின் சேம்ஸ் யங் நிலக்கரியிலிருந்து பாரஃபினை வடிக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். தேனீ ஒரு பருவமெல்லாம் உழைத்துத் தருவதை மண்ணடி எண்ணெய் மிகுதியாகத் தந்தது. இந்தியாவில், அசாமின் திக்பாயில் 1901ஆம் ஆண்டில் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை மெழுகுக்குப் பெயர் பெற்றது. சென்னையை அடுத்த மணலியில் 1969ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய ஆலையிலும் பாரஃபின் மெழுகு எடுக்கப்படலாயிற்று. இன்று நம் வீட்டு மெழுகுவத்திகளில் பெரும்பாலானவை தேனீயை அறியாதவை.

குப்பத்திற்கு அண்மையில் நீர்புகாத் துணியை உயிர்காவலாகக் கொண்டிருந்த இடம் ஒன்று உண்டு. அதுவே கோலார் தங்கவயல். 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் குழுமம் அங்கே சுரங்கத் தொழிலை நடத்தலாயிற்று. வட ஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தமிழர் ஆயிரக்கணக்கில் அங்கே குடியேறினர். ஈரம் கசியும் பாறையில் துளையிட்டு வெடிமருந்து நிரப்பிப் பாறையைத் தகர்ப்பது அவர்தம் தொழில். திரி நனைந்தால் வெடிப்பு எதிர்பார்த்த நேரத்தில் நிகழாது. அணைந்துவிட்டது என்று எண்ணி அருகே சென்றவன் உயிரிழப்பான். இக்கொடுமையைக் கண்டு, 1831ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் பிக்ஃபோர்டு என்பவர், வெடிமருந்தை நடுவே வைத்துச் சணல் நூலைச் சுற்றி, மேலே தாரும் மெழுகெண்ணெயும் போன்ற பூச்சிட்டுப் பாதுகாப்புத் திரி செய்தார். உலகச் சுரங்கங்களிலெல்லாம் அம்முறை பரவிற்று. நூலிழையின்மேல் ஒரு பூச்சு எத்தனை குடும்பங்களின் விளக்கை அணையாமல் காத்தது என்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். தங்கவயற் சுரங்கங்கள் 2001 பிப்பிரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. குப்பத்தை ஒட்டிய சிகர்குண்டாச் சுரங்கமும் அவ்வாண்டோடு ஓய்ந்தது.

சுதேசி இயக்கக் காலத்தில் இத்துறையிலும் இந்தியர் முனைந்தனர். 1920ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சுரேந்திர மோகன் போஸ், பெங்கால் வாட்டர்புரூஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். இறக்குமதி மழையங்கிக்கு மாற்றாக அவர் செய்த அங்கி 'டக்பேக்' என்னும் பெயரில் நாடெங்கும் புகழ்பெற்றது. வாத்தின் முதுகு என்பது அப்பெயரின் பொருள். வாத்தும் தன் வாலடிச் சுரப்பியிலிருந்து வரும் மெழுகு கலந்த எண்ணெயை அலகால் எடுத்து இறகில் பூசிக்கொள்ளும் பறவையன்றோ! வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், அப்பா அணிந்த டக்பேக் மழையங்கியை நினைவுகூர்வோர் இன்னும் பலர் இருப்பர்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. மெழுகால் துணியில் நீரைத் தடுக்கும் கலை நம்மிடம் இருந்தது. தேனும் மெழுகும் தந்த மலைகள் இருந்தன. உலகுக்குத் துணி அனுப்பிய தறிகள் இருந்தன. அங்ஙனமிருக்க, மழையங்கி ஏன் இங்கே பிறக்கவில்லை? நம் மழை வெதுவெதுப்பானது. ஓலைக்குடையும் சாக்கும் மலிவானவை என்று ஒருவர் விடை கூறலாம். அஃது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. இங்கே மழையில் நின்றவர் யார்? நாற்று நட்டவர், ஆடு மேய்த்தவர், சுமை தூக்கியவர். அவர்க்கென்று விலை கொடுத்து அங்கி செய்விப்பார் ஒருவருமில்லை. மெழுகின் நுட்பம் அரசியின் சேலைக்கும் அயல்நாட்டு வணிகனின் பண்டத்துக்கும் சென்றது. உழுதவன் தலைக்கு வந்தது சாக்குக் கொங்காணியே. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்க்குத் துரைமார் கொடுத்தது ஒரு கம்பளி. அதன் விலையும் அவர்தம் கடன் கணக்கிலே ஏறிற்று. பனியில் நனைந்த செடிகளுக்கிடையே கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டும் உறையை அங்கே படங்கு என்பர். கூடாரத் துணியைக் குறித்த பழந்தமிழ்ச் சொல் அது. ஓர் அரிய சொல்லை ஏழைத் தாய்மார் இடுப்பில் கட்டிக் காத்துவந்துள்ளனர்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாலித்தீன் பரவிற்று. பருத்திக் கித்தானின் இடத்தை நெகிழித் தார்ப்பாய் கைப்பற்றியது. விலை குறைவு, எடை குறைவு என்பன மறுக்க முடியாத நன்மைகள். சாக்குக் கொங்காணி இட்டவனுக்கும் உலர்ந்த முதுகு கிடைத்தது. எனினும் வெயிலில் அது நொறுங்கித் துகளாகி மண்ணில் கலக்கின்றது. உயர்விலை மழையங்கிகளில் ஊட்டப்பட்ட புளோரின் சேர்மங்களோ மண்ணிலும் நீரிலும் அழியாது தங்குவனவாயின. அவற்றுள் ஒன்று 2009ஆம் ஆண்டிலும் மற்றொன்று 2019ஆம் ஆண்டிலும் ஸ்டாக்ஹோம் உடன்பாட்டின்கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டன. அதன் பயனாக, மெழுகேற்றிய பருத்தித் துணியை மீண்டும் நாடுவோர் உலகில் பெருகியுள்ளனர்.

மெழுகுசீலையை வீட்டிலும் செய்யலாம். அடர்ந்த நெசவுள்ள பருத்திக் கித்தானே ஏற்றது. இடைவெளியுள்ள துணியில் மெழுகு நில்லாது. துணியைத் தூசு போகத் துலக்கி நன்கு உலர்த்துக. தேன்மெழுகையும் பாரஃபினையும் கலந்து உருக்குக. கலத்தை நேரே நெருப்பில் வைத்தல் கூடாது. கொதிநீர் உள்ள பாத்திரத்தினுள் வைத்தே உருக்குதல் வேண்டும். மெழுகின் ஆவி தீப்பற்றும் இயல்புடையது என்பதை மறவற்க. உருகியதைத் தூரிகையால் மெல்லிதாகத் தடவி, தையல் ஓரங்களில் மட்டும் சற்று மிகையாக இடுக. பின்னர் வெந்த காற்று வீசும் கருவியாலோ, தாள் பரப்பி அதன்மேல் மிதமான இஸ்திரிப் பெட்டியாலோ சூடு காட்டுக. மெழுகு இழைக்குள் இறங்கும். இத்துணியைச் சோப்பும் வெந்நீரும் இட்டு வெளுத்தல் ஆகாது. ஈரத்துணியால் துடைத்தாலே போதும். மடிப்பு விழும் இடத்தில் பூச்சு உதிர்வது இயல்பு. ஆண்டுக்கொருமுறை அங்கே மீண்டும் தடவுதல் நன்று. மெழுகு வேண்டாதவர்க்குப் பழைய எளிய முறை ஒன்று உண்டு. துணியைச் சோப்புக் கரைசலில் தோய்த்துப் பிழிந்து, பின்னர்ப் படிகார நீரில் தோய்த்து உலர்த்துவது அது. இரண்டும் கூடி, நீரில் கரையாத சோப்பாக இழைமேல் படியும், தூறலைத் தாங்கும். அடைமழைக்கு மெழுகே வேண்டும்.

இனி, அந்த முதியவரின் பத்திரத்துக்கு வருவோம். அது தமிழில் எழுதப்பட்டது. தொடக்கத்திலேயே 'வட ஆர்க்காடு ஜில்லா' என்றிருந்தது. 1911 ஏப்பிரல் முதல் நாளன்று சித்தூர் மாவட்டம் பிறப்பதற்கு முன்னர் எழுதிய பத்திரம் என்பது அதனால் விளங்கிற்று. குப்பம் அப்போது கங்குந்தி சமீனைச் சேர்ந்திருந்தது. அதன்பின் மாவட்டம் மாறிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தது. 1956இல் அது ஆந்திரப் பிரதேசமாயிற்று. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்பிரல் முதல் நாளன்று எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. குப்பம் ஆந்திரத்திலேயே நின்றது. நிலமும் பாலாறும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றின்மீது எழுதிய பெயர்களே மாறின.

"எதற்காக எடுத்துப் போகிறீர்கள் ஐயா?" என்று வினவினோம்.

"வாணியம்பாடியில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். இதைப் படித்துத் தெலுங்கில் எழுதித் தரச் சொல்லலாம் என்று போகிறேன். பேரப்பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள் தம்பி, படிக்க வராது. என் கண்ணும் இப்போது தெளிவாக இல்லை. நான் போய்விட்டால் எந்த நிலம் எதுவரை என்று யாருக்குத் தெரியும்?" என்றார்.

வண்டி மல்லானூரையும் பச்சூரையும் கடந்து சோலையார்பேட்டையை அணுகும்வரை, நாம் அப்பத்திரத்தை அவருக்கு வாய்விட்டுப் படித்தோம். கிழக்கே ஓடை, மேற்கே புளியமரம், வடக்கே இன்னாருடைய புன்செய், தெற்கே வண்டிப்பாதை என்று நான்கெல்லையும் அதில் இருந்தன. புளியமரம் என்றதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். "அந்த மரத்தை நான் பார்த்திருக்கிறேன். அறுபதாம் வருஷம் வாக்கில் புயலில் விழுந்தது" என்றார். பின்னர்ப் பத்திரத்தை வாங்கி, பழைய மடிப்பின் வழியே மடித்து, மெழுகுசீலையில் சுற்றி, நூலால் இருமுறை கட்டினார். அவருடைய பாட்டனாரும் அவ்வாறே கட்டியிருத்தல் வேண்டும்; சீலையில் நூல் பதிந்த தடம் அவ்விடத்தில் ஆழமாக இருந்தது.

அச்சீலை தன் கடமையை நூறாண்டுக்கு மேலாகச் செவ்வனே செய்துள்ளது. தாள் கெடவில்லை, மை பரவவில்லை, ஓரெழுத்தும் அழியவில்லை. ஆயினும் அவ்வெழுத்தைப் படிக்கும் கண்ணை எந்தச் சீலையும் காக்க இயலாது. அதனை வீட்டிலுள்ள பெரியோரே காத்தல் வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் அன்பர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் வீட்டுப் பெட்டியின் அடியில் பழைய பத்திரமோ, கடிதக் கட்டோ, சான்றிதழோ இருக்கும். ஒரு விடுமுறை நாளில் அதனை வெளியே எடுங்கள். அதனை ஈரத்திலிருந்து காக்க ஒரு மெழுகுசீலை செய்யுங்கள். ஆனால் மூடிவைப்பதற்கு முன்னர், பிள்ளைகளை அருகே அமர்த்தி, அதிலுள்ளதை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படிக்கச் செய்யுங்கள். முதல் நாள் ஒரு வரி போதும்.

எம் அலுவலகத்துத் தமிழாக்கம் என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நீண்ட தொடரை அடித்துவிட்டு, 'மெழுகுசீலை' என்று எழுதி அனுப்பினோம். அச்சொல் மாற்றமின்றி அச்சேறிற்று.